வயிறு அமைதியாக இருக்கும்போது மெசலமைனை நிறுத்திவிட்டு ப்ரோபயாடிக்குக்கு மாறலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கொலனோஸ்கோப்பியில் அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலின் உள்தோலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய், என்று தெரிந்தது. நோய் பெருங்குடலின் இடப்பக்கத்தில் மட்டும். முதலில் சில வாரம் ஸ்டீராய்டு, பிறகு இந்த அழற்சியை அடக்கி வைக்கும் மெசலமைன் 1.2 கிராம் மாத்திரை தினம் இரண்டு, இரவில் எனிமா. இப்போது 14 மாதமாக ரத்தம் இல்லை, சளி இல்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் போகிறது. எனிமாவை நீங்களே விட்டுவிட்டீர்கள். மாத்திரையும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகிறது. இந்த நேரத்தில் உறவினர் ஒருவர் ப்ரோபயாடிக் கேப்சூல் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, "இது நல்ல பாக்டீரியா, இது இருந்தால் அந்த மாத்திரை எதற்கு" என்கிறார். மாறிவிடலாமா என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒன்றும் இல்லாதபோது எதற்காக தினமும் மாத்திரை?

குடல் நோய்களுக்குச் சிகிச்சை செய்பவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற வேண்டாம். ப்ரோபயாடிக்கைக் கூடவே சாப்பிட ஆசைப்பட்டால் பெரும்பாலும் தடை இல்லை. ஆனால் மாத்திரை இருந்த இடத்தில் அதை வைக்கக் கூடாது. ஏன் என்பதில் உறுதியாகத் தெரிந்தவை சில, அரைகுறையாகத் தெரிந்தவை சில. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

இந்த நோயில் வயிறு அமைதியாக இருப்பதும் குடல் ஆறியிருப்பதும் ஒன்றல்ல. ரத்தமும் அவசரமும் நின்ற பிறகும் உள்தோலில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி பலருக்கு உண்டு. கொலனோஸ்கோப்பியில் லேசான சிவப்பு, ரத்தநாளக் கோடுகள் மங்கித் தெரிவது, எடுத்த சதைத் துணுக்கில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் என்று அது தெரியும். அப்படி இருப்பவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு, முழுக்க ஆறியவர்களைவிட அதிகம். அதனால்தான் இப்போதெல்லாம் அறிகுறி இல்லை என்பதோடு மருத்துவர்கள் திருப்தி அடைவதில்லை. குடல் ஆறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். உங்கள் 14 மாத அமைதி நல்ல செய்திதான். அது மாத்திரையால் வந்த அமைதியா, மாத்திரை இல்லாமலும் நிற்கக்கூடிய அமைதியா என்பதை அறிகுறிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மெசலமைன் நோயை அடக்கி வைக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. மருந்துள்ள மாத்திரையையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2020ல் வெளியிட்ட கணக்கு இது: 6 முதல் 12 மாதத்துக்குள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் திரும்பியது, மெசலமைன் சாப்பிட்டவர்களில் 100க்கு 37 பேருக்கு. இரண்டு எண்ணையும் பாருங்கள். மருந்து சாப்பிட்டும் 37 பேருக்கு வந்திருக்கிறது, அதனால் இது முழுக் காப்பு இல்லை. மருந்தே இல்லாமலும் 45 பேருக்கு அந்தக் காலத்துக்குள் வரவில்லை. "நான் நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று உங்களிடம் யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அந்த 45 பேரில் ஒருவர் அவ்வளவுதான். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உறுதியாக முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது.

தவறவிடும் மாத்திரைகளின் விலை என்ன என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2003ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மெசலமைனில் நோய் அடங்கியிருந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்தை ஒழுங்காக வாங்கிச் சாப்பிட்டவர்களில் 89 சதவீதம் பேர் நோய் இல்லாமலே இருந்தார்கள். ஒழுங்கில்லாதவர்களில் 39 சதவீதம் பேர்தான். ஒழுங்கு என்பதற்கு அவர்கள் வைத்த அளவு 80 சதவீதம். உங்கள் கணக்கில், மாதம் 60 மாத்திரையில் 12க்கு மேல் மிச்சம் இருந்தால் நீங்கள் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் விட்டுப்போகிறது என்றால் மாதம் 17 முதல் 26 மாத்திரை மிச்சமாகும். ப்ரோபயாடிக் பற்றிய முடிவைவிட உங்களுக்கு அவசரமானது இதுதான்.

இதைத் திருத்த ஒரு சுலபமான வழி உண்டு. அடங்கிய நிலையைக் காக்க, மெசலமைனைப் பிரித்துச் சாப்பிடுவதும் நாளைக்கு ஒரே தடவை மொத்தமாகச் சாப்பிடுவதும் சமம் என்று ஆய்வுகளில் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வைத்திருந்தால் இரண்டையும் ஒரே வேளை சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். தினமும் தவறாமல் உட்கார்ந்து சாப்பிடும் வேளை எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். காலை இட்லி சாப்பிடாமல் ஓடுகிறவர் காலை வேளையை வைத்துக்கொண்டால் நடக்காது. அட்டையின் பின்பக்கம் பேனாவால் தேதி எழுதிவிட்டால், சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பமே வராது.

அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெசலமைன் ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்து அல்ல. குடலின் உள்தோலை நேரே தொட்டு, மேலே பூசிய மருந்துபோல வேலை செய்கிறது. பூச்சு இல்லாமல் விழுங்கினால் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால்தான் சில மாத்திரைகளுக்கு, சிறுகுடலின் கடைசியில் காரத்தன்மை கூடும் இடத்தில் மட்டும் கரையும் பூச்சு. பென்டாசா என்ற பெயரில் விற்கும் வகையில் மருந்து சிறு குருணைகளிலிருந்து மெதுவாகக் கசியும். மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் சிரப் குடித்தால் பெருங்குடலில் அமிலம் கூடி, காரத்தில் கரையும் அந்தப் பூச்சு சரியாகக் கரையாமல் போகலாம், இரண்டையும் சேர்க்காதீர்கள். மலத்தில் மாத்திரைக் கூடு போல ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே காலியான வெறும் ஓடு அது. எப்போதாவது வந்தால் ஒன்றுமில்லை. அடிக்கடி, அதுவும் உடையாமல் கனமாக முழு மாத்திரையாகவே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் "அதே மருந்துதான்" என்று வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்தால் மி.கி. அளவைப் பாருங்கள். 400, 800, 1200 என்று மூன்று அளவும் சந்தையில் இருக்கிறது. 1200க்குப் பதிலாக 400 வாங்கி அதே இரண்டு மாத்திரையைத் தொடர்வது அடிக்கடி நடக்கும் தவறு. அடங்கிய நிலையைக் காக்க நாளைக்கு 2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது பொதுவான அளவு. அந்தத் தவறில் நீங்கள் 800 மி.கி.யில் நிற்பீர்கள்.

எனிமாவை நிறுத்தியது பற்றி. அல்சரேட்டிவ் கொலைடிஸ் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி, இடைவெளி விடாமல் பரவும் நோய். வாய்வழி மருந்து மேலிருந்து வருகிறது, கடைசிப் பகுதிக்கு வந்து சேரும்போது அளவு குறைந்துவிடுகிறது. நோய் அதிகம் திரும்பும் இடமும் அந்தக் கடைசிப் பகுதிதான். இடப்பக்க நோய்க்கு மாத்திரையோடு கீழிருந்து எனிமாவும் சேர்த்தால், மாத்திரை மட்டும் சாப்பிடுவதைவிட நன்றாக அடங்கியிருக்கிறது. தினமும் வேண்டும் என்பதில்லை, வாரம் இரண்டு இரவு வைத்தே பயன் கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறு இரவு என்று வைத்துக்கொண்டால் சுமையாகத் தெரியாது. 60 மில்லியில் 4 கிராம் மருந்து இருக்கும் புட்டியை முதலில் நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் படிந்திருக்கும். குளிர்ச்சியாக உள்ளே போனால் குடல் உடனே வெளியே தள்ளும், அதனால் கொஞ்ச நேரம் கைக்குள்ளோ வெதுவெதுப்பான நீரிலோ வைத்திருங்கள். முதலில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை மடக்கிக்கொண்டு, நுனியில் கொஞ்சம் ஜெல் தடவி மெதுவாக வைத்து, ஒரு நிமிடம் எடுத்து நிதானமாக அழுத்துங்கள். அழுத்திய புட்டியை விடாமல் அப்படியே வெளியே எடுக்க வேண்டும். நடுவில் விட்டால் மருந்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் அப்படியே படுங்கள், இரவு முழுக்க நின்றால் இன்னும் நல்லது. மருந்து பட்டால் துணியில் பழுப்புக் கறை விழும், போகாது. பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். நோய் மலக்குடலோடு நின்றவர்களுக்கு எனிமாவே வேண்டாம், இரவில் ஆசனவாயில் வைக்கும் 1 கிராம் மாத்திரை (சப்போசிட்டரி) போதும். அது கடைசி 10, 15 சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது என்பதால் உங்களுக்கு அது போதாது.

செலவுதான் காரணம் என்றால் சொல்ல வெட்கப்பட வேண்டாம். சல்ஃபாசலசைன் என்ற பழைய மருந்து இருக்கிறது, மெசலமைனைவிட விலை மிகக் குறைவு. ஸ்வீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கியது அது. அதற்குள் வேலை செய்யும் பகுதி மெசலமைன்தான் என்று 1977ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கானும் ட்ரூலவ்வும் நிரூபித்த பிறகே இன்றைய மாத்திரைகள் வந்தன. நோயை அடக்கி வைப்பதில் சல்ஃபாசலசைன் புதியவற்றுக்குச் சளைத்ததல்ல. வழக்கமான அளவு நாளைக்கு 2 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு. ஒரேயடியாகத் தொடங்கினால் குமட்டலும் தலைவலியும் வரும், 500 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்கி ஓரிரு வாரத்தில் ஏற்ற வேண்டும். கூடவே ஃபோலிக் ஆசிட் வேண்டும். முதல் மாதங்களில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் மீளும். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் இதை முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூட்டுவலியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் நன்மை உண்டு.

இந்த மருந்தைக் குடலில் இரண்டாக வெட்டி மெசலமைனை வெளியே விடுவது பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான். "நல்ல பாக்டீரியா" என்று உங்கள் உறவினர் சொல்வதில் அடிப்படை உண்மை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். குடல் பாக்டீரியாக்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. எந்த பாக்டீரியா, எவ்வளவு, யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

ப்ரோபயாடிக் என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல. "மாத்திரை நல்லதா" என்று கேட்பது போன்றதுதான் "ப்ரோபயாடிக் நல்லதா" என்பதும். அடங்கிய நிலையைக் காப்பதில் மெசலமைனோடு நேருக்கு நேர் நின்று சமமாக வந்த ப்ரோபயாடிக் என்று சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஈ.கோலி நிஸ்லே 1917. முதல் உலகப் போரில், மற்ற வீரர்கள் சீதபேதியில் விழுந்தபோது ஒரு வீரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே அவருடைய மலத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா அது. 2004ல் வெளியான ஆய்வில் 327 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு இதை நாளைக்கு 200 மி.கி., மறு பக்கத்துக்கு மெசலமைன் 1.5 கிராம் என்று 12 மாதம் கொடுத்தார்கள். நோய் திரும்பியது பாக்டீரியா பக்கம் 36.4 சதவீதம், மெசலமைன் பக்கம் 33.9 சதவீதம். ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் மெசலமைன் ஒவ்வாதவர்களுக்கு இதை மாற்றாக ஏற்றது இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான்.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன், ஆனாலும் அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒப்பிட்ட மெசலமைன் அளவு 1.5 கிராம், இன்று வழக்கத்தில் இருப்பதைவிடக் குறைவு. வெற்று மாத்திரைக் குழு ஒன்று அதில் இல்லை. எனவே "குறைந்த அளவு மெசலமைனுக்கு ஏறக்குறைய சமம்" என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்கள் கையில் இருக்கும் பெட்டி அது இல்லை என்பது. நம் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பேசில்லஸ் கிளாசி திரவக் குப்பிகள், சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட், அல்லது லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் கலவைகள். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் பாக்டீரியாவின் பெயரும், பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ரக அடையாளமும் இருக்கும். ரக அடையாளமே போடாத பெட்டியில் உள்ளே இருப்பதற்கு எந்த ஆய்வையும் ஆதாரமாகக் காட்ட முடியாது. ஒரே லாக்டோபேசில்லஸ் இனத்தில் ஒரு ரகம் செய்வதை இன்னொரு ரகம் செய்வதில்லை.

லாக்டோபேசில்லஸ் ஜி.ஜி. என்ற ரகத்தையும் சோதித்தார்கள். 2006ல் இத்தாலியில் 187 பேரிடம் அது தனியாக, மெசலமைன் தனியாக, இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்ததில் 12 மாதத்தில் நோய் திரும்பிய விகிதத்தில் வித்தியாசம் இல்லை. இதிலும் வெற்று மாத்திரைக் குழு கிடையாது. நம்பிக்கை தருகிறது, ஆனால் இதை வைத்து யாரையும் மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது.

இந்தியாவிலேயே நடந்த ஒரு பெரிய ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனைத் தாள்களில் அதைத்தான் காட்டுவார்கள். லூதியானா மருத்துவர்கள் தலைமையில் 2009ல் வெளிவந்தது, 147 நோயாளிகள், வி.எஸ்.எல். 3 என்ற எட்டு ரகக் கலவை. 12 வாரத்தில் கலவை சாப்பிட்டவர்களில் 42.9 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வெற்றுப் பொடி சாப்பிட்டவர்களில் 15.7 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும் நோயை அடக்கப் பார்த்த ஆய்வு, அடங்கியதைக் காக்கப் பார்த்தது அல்ல. அளவையும் பாருங்கள். ஒரு வேளைக்கு 3,60,000 கோடி பாக்டீரியா, நாளைக்கு இரண்டு வேளை. உங்கள் கேப்சூலில் 500 கோடி என்று போட்டிருந்தால் ஒரு நாள் அளவுக்கு 1,440 கேப்சூல் விழுங்க வேண்டும். மேலும் 2016க்குப் பிறகு அந்தப் பெயரில் விற்கப்படும் கலவையும், பழைய ஆய்வுகளில் பயன்பட்ட கலவையும் ஒன்றல்ல. பெயர் ஒரு பக்கமும் மூலக் கலவை வேறு பெயரில் இன்னொரு பக்கமும் பிரிந்துபோய்விட்டன. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். இந்தக் கலவைக்கு வலுவான இடம் வேறு: பெருங்குடலை அறுவை செய்து அகற்றி, சிறுகுடலால் பை செய்து பொருத்தியவர்களுக்கு அந்தப் பையில் வரும் அழற்சி திரும்பாமல் காப்பது.

இவற்றை எல்லாம் எடைபோட்டுத்தான் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020ல், அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு ப்ரோபயாடிக்கை ஆய்வுக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்று சொன்னது. அடங்கிய நிலையைக் காப்பதில் ப்ரோபயாடிக்குக்குப் பலன் உண்டா என்பது இன்னும் உறுதியாகவில்லை என்றுதான் அதே வருடம் வந்த காக்ரேன் தொகுப்பும் முடித்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே ஆய்வுகளைப் படித்து வேறு வேறு முடிவுக்கு வந்திருப்பதே இந்த இடத்தில் தரை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

தயிர், மோர், பழைய சோறு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்குக்கூட புளித்த தயிரில் லாக்டோஸ் குறைவதால் தொல்லை குறைவு. ஆனால் வீட்டுத் தயிரில் எந்த ரகம் வளர்கிறது என்பது உறையைப் பொறுத்தது, நாளுக்கு நாள் மாறும். அது நல்ல உணவு, மருந்து அளவோடு கொடுக்கப்படும் ரகம் அல்ல. மஞ்சளுக்கும் இதே கதை. ஜப்பானில் 2006ல் வந்த ஆய்வில் 89 பேருக்கு, அவர்கள் சாப்பிட்டுவந்த மெசலமைன் அல்லது சல்ஃபாசலசைனோடு சேர்த்து, குர்குமின் நாளைக்கு 2 கிராம் ஆறு மாதம் கொடுத்ததில் நோய் திரும்பியது 5 சதவீதத்துக்கும் கீழே. வெற்று மாத்திரை சேர்த்தவர்களுக்கு 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். 2 கிராம் கிடைக்க 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். ரசத்தில் போடும் சிட்டிகை அந்தக் கணக்கில் வராது. கடையில் விற்கும், மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

பாக்டீரியாவை வெளியிலிருந்து விழுங்குவதைவிட உள்ளே இருப்பவற்றுக்குத் தீனி போடுவதில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். 1999ல் ஸ்பெயினில் 105 பேரிடம் நடந்த ஆய்வில் இசப்கோல் விதையை 10 கிராம் வீதம் இரண்டு வேளை, மெசலமைன் 500 மி.கி. மூன்று வேளை, இரண்டும் சேர்த்து என்று ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பியது முறையே 40, 35, 30 சதவீதம். சிறிய ஆய்வு, மெசலமைன் அளவும் குறைவு, அதனால் இதையும் மாற்றாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நார் பெருங்குடலில் புளித்து ப்யூட்டிரேட் என்ற கொழுப்பமிலமாக மாறுகிறது, குடல் உள்தோலின் அணுக்களுக்கு அதுதான் முக்கிய உணவு. நாம் குடிக்கும் இசப்கோல் விதையின் மேல்தோல், ஆய்வில் கொடுத்தது முழு விதை. அந்த வித்தியாசம் இருந்தாலும், நோய் அடங்கியிருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மேல்தோலில் தொடங்கி மெதுவாக ஏற்றுவதில் கெடுதல் இல்லை. மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நோய் எரியும்போதும், குடல் எங்காவது சுருங்கியிருந்தாலும் வேண்டாம்.

ப்ரோபயாடிக் யாருக்கு ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசாதியோபிரின், ஸ்டீராய்டு, உயிரியல் ஊசிகள் என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், கழுத்தில் ரத்தக்குழாய் ஊசி போட்டு மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள் சாக்கரோமைசிஸ் பௌலார்டி எடுக்கக் கூடாது, அந்த ஈஸ்ட் ரத்தத்திலேயே பரவிய சம்பவங்கள் உண்டு. மெசலமைன் மட்டும் சாப்பிடும் உங்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. முதல் வாரத்தில் வாயு, பொருமல் வரலாம்.

மெசலமைனைக் கண்டு பயம் இருந்தால் அது எங்கே நியாயம் என்று தெரிந்துகொள்வது நல்லது. அரிதாகச் சிறுநீரகத்தைத் தாக்கும், அதுவும் வலி இல்லாமல். அதனால் தொடங்கும்போது, மூன்றாம் மாதம், பிறகு வருடம் ஒரு முறை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சிலருக்கு மருந்தே வயிற்றுப்போக்கையும் ரத்தத்தையும் கூட்டும். பெரும்பாலும் முதல் சில வாரத்தில் தெரிந்துவிடும் என்பதால் நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். கர்ப்பத்திலும் மெசலமைனைத் தொடர வேண்டும், நோய் எரிவதுதான் குழந்தைக்கு அதிக ஆபத்து. ஸ்டீராய்டு மட்டும் இந்த வேலைக்கு உதவாது. எரிவதை அணைக்கும், அணைந்ததைக் காக்காது என்பது 1950, 60களிலேயே சோதித்துத் தெரிந்த விஷயம். பழைய சீட்டைக் காட்டி ப்ரெட்னிசோலோன் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதை யார் செய்தாலும் தடுங்கள். ஒழுங்காக மெசலமைன் சாப்பிட்டும் வருடத்தில் இரண்டு தடவை ஸ்டீராய்டு தேவைப்படுகிறவர்களுக்கு அசாதியோபிரினோ உயிரியல் மருந்தோ வேண்டும். அங்கே ப்ரோபயாடிக் பேச்சுக்கே இடமில்லை. அசாதியோபிரின் தொடங்குமுன் நம் ஊர்க்காரர்கள் NUDT15 என்ற மரபணுவின் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது. பத்தில் ஒருவர் அளவில் அந்த மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அவர்களுக்கு இந்த மருந்தால் வெள்ளணுக்கள் திடீரென்று விழும், முடி கொத்தாகக் கொட்டும். உயிரியல் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

பாக்டீரியாவைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள்கூட முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறார்கள். அந்த வகை வலி மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடக்கூடியவை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வேண்டாம். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வயிற்றுப்போக்கு வந்தால் நோய் திரும்பியது என்று முடிவு கட்டுவதற்குமுன் மலத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் கால்ப்ரொடெக்டின் பரிசோதனையை மலத்தில் எடுப்பது. 150க்குக் கீழே இருந்து அறிகுறியும் இல்லை என்றால் குடல் ஆறியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். காலையில் முதலில் போகும் மலத்தில் எடுங்கள். வலி மாத்திரை, அமிலம் குறைக்கும் மாத்திரை இரண்டும் எண்ணை ஏற்றிக் காட்டும் என்பதால் சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சரியாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம், இந்த நோயில் அது பல நேரம் ஏறுவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து முழுக்க ஆறியிருந்தவர்களிடம் மருந்தின் கூடுதல் பயன் தெளிவாகத் தெரியாத சிறிய ஆய்வு ஒன்று உண்டு, ஆகவே நிறுத்துவது பற்றி என்றைக்குமே பேசக் கூடாது என்று சொல்ல மாட்டேன். 14 மாதத்தில், வாரம் இரண்டு மூன்று நாள் மாத்திரையைத் தவறவிட்டுக்கொண்டு, கால்ப்ரொடெக்டின் பார்க்காமல் பேசக் கூடாது என்றுதான் சொல்கிறேன். உங்கள் கொலனோஸ்கோப்பி அறிக்கையைப் பார்க்காமல் எழுதும் பதில் இது. நோய் எவ்வளவு தூரம் பரவியிருந்தது, எத்தனை தடவை திரும்பியது என்பதை வைத்து உங்கள் மருத்துவர் அளவை மாற்றலாம்.

வாங்கி வைத்த பெட்டியை வீணாக்க மனமில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். இந்த வாரம் கால்ப்ரொடெக்டின் எடுத்து எண்ணைக் குறித்துவையுங்கள். ஒரு மாதம் மெசலமைனை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள், வாரம் இரண்டு எனிமா பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பிறகு மறுபடி எடுங்கள், ஒழுங்காக மருந்து சாப்பிட்டதற்கான எண் அது. அதன் பிறகு ப்ரோபயாடிக்கைச் சேர்த்து, பெட்டி எந்த வெப்பநிலையைச் சொல்கிறதோ அதில் வைத்து, எட்டு வாரம் தொடர்ந்து, மூன்றாவது தடவை எடுங்கள். இந்தப் பரிசோதனையின் எண் தானாகவே கொஞ்சம் ஏறி இறங்கும், அதனால் சின்ன வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் இன்னொரு பெட்டி வாங்க வேண்டாம். இதற்கு நடுவில் எந்த நாளிலாவது மலத்தில் ரத்தம் தெரிந்தால் மூன்று நாளுக்கு மேல் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.